ஆனியன் முகவரிக்குத் தானாக வழிகாட்டுதல்: ஒரு வரலாறு

ஒரு வலைத்தளத்தின் வழக்கமான முகவரிக்கு வரும் வாசகரின் உலாவியை, அதே தளத்தின் அடையாளம் மறைக்கும் பதிப்புக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு 'ஆனியன் லொகேஷன்' எனப்படும். டோர் என்னும் வலையமைப்பில் இயங்கும் அந்த மறைமுகப் பதிப்புக்கு ஆனியன் தளம் என்று பெயர். ஆனியன் என்றால் வெங்காயம். டோர் உலாவியின் 9.5ஆம் பதிப்பு 2020 ஜூன் மாதம் வெளிவந்தபோது இந்த வசதி முதன்முதலில் சேர்க்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குள், அதன் தானியங்கிப் பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடே அவரைக் காட்டிக்கொடுக்கும் தடயமாக மாறக்கூடும் என்று ஆய்வாளர்கள் கண்டதே அதற்குக் காரணம். செய்தித் தளங்கள் தடை செய்யப்படுவதைத் தமிழ் வாசகர்களும் நேரில் கண்டிருப்பதால், இந்த வரலாறு தமிழருக்கும் தொடர்புடையதே.

ஒரே குன்றில் இரண்டு வாசல்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் சித்தன்னவாசலுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலுக்கே செல்கின்றனர். ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற குடைவரை அது. அதே குன்றின் கிழக்கு முகத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் அங்கே உள்ளன. குன்றின் மீதேறி மறுபக்கம் இறங்கினால்தான் அந்தக் குகை கண்ணில் படும். கீழே நிற்பவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. வழிகாட்டும் பலகையோ, வழி தெரிந்த ஒருவரோ வேண்டும்.

ஆனியன் தளத்தின் நிலையும் இதுதான். அது வழக்கமான தளத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. உள்ளடக்கம் ஒன்றே, வாசல் மட்டும் வேறு. அந்த வாசல் இருப்பதை வாசகருக்குச் சொல்வது யார், எப்படிச் சொல்வது, சொல்லும்போது வேறு யாராவது கவனிக்கிறார்களா என்பவை இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

அச்சுக்காலத்தில் மாற்று முகவரி

தடையிலிருந்து தப்ப வேறு முகவரிக்குச் செல்லும் வழக்கம் இணையத்தோடு தோன்றியதன்று. சுப்பிரமணிய பாரதியார் பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கப்பட்டது. 1908இல் அதன் சட்டப்படியான ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அதன்பின் இதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. சென்னைச் சட்டம் அங்கே செல்லாது. எனவே இதழை அச்சிடத் தடையில்லை.

ஆனால் வாசகர்கள் எல்லையின் இந்தப் பக்கம் இருந்தனர். இதழ் அஞ்சல் வழியாகத்தான் அவர்களை அடைய வேண்டும். பிரிட்டிஷ் அரசு அச்சகத்தைத் தொடாமல் வழியை மறித்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் வரத் தடை விதிக்கப்பட்டது. வாசகர்களை அடைய முடியாத இதழ் 1910இல் நின்றுபோனது. இதழ் இருக்கும் இடம் பாதுகாப்பாக இருந்தால் மட்டும் போதாது, வாசகர் செல்லும் வழியும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே அக்காலத்தில் இத்தகைய எல்லை ஒன்று இருந்தது. ஆலங்குடி, குளத்தூர், திருமயம் ஆகிய வட்டங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அறந்தாங்கி பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆலங்குடியிலிருந்து அறந்தாங்கி சென்றவர் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குள் நுழைந்தார். சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974இல் தனி மாவட்டம் உருவானபோது அறந்தாங்கியும் அதில் சேர்ந்தது. இணையத்திலும் இத்தகைய எல்லைகள் உண்டு. அவை வரைபடத்தில் தெரிவதில்லை, இணையச் சேவை நிறுவனங்களின் கணினிகளில் இருக்கின்றன.

வெங்காயத் திசைவிப்பின் தோற்றம்

இணையத்தில் ஒருவர் ஒரு தளத்தைத் திறக்கும்போது, அவர் எந்தத் தளத்துக்குச் செல்கிறார் என்பது அவருடைய இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரிகிறது. அவர் எந்த இணைப்பிலிருந்து வருகிறார் என்பது அந்தத் தளத்துக்குத் தெரிகிறது. உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்து மறைத்தாலும் யார் யாரோடு பேசுகிறார் என்பது மறைவதில்லை. உறையை ஒட்டி அனுப்பினாலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் வெளியே தெரிவதைப் போன்றது இது.

இதற்குத் தீர்வு தேடும் பணி 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகியோர் 'வெங்காயத் திசைவிப்பு' என்னும் முறையை வகுத்தனர். அனுப்பப்படும் செய்தி பல அடுக்குக் குறியாக்கத்தால் பொதியப்படும். வழியில் உள்ள ஒவ்வோர் இடைக்கணினியும் ஓர் அடுக்கை மட்டும் உரிக்கும். முந்தைய கணினி எது, அடுத்த கணினி எது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். தொடக்கமும் முடிவும் சேர்ந்து எந்த ஒரு கணினிக்கும் தெரியாது. வெங்காயத்தைத் தோல் தோலாக உரிப்பது போன்ற இந்த அமைப்பே பெயருக்குக் காரணம்.

ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன், சைவர்சன் ஆகியோர் இதன் அடுத்த தலைமுறையாக டோர் வலையமைப்பை உருவாக்கினர். அது 2002 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 2004இல் அதன் வடிவமைப்பு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 2006இல் டோர் திட்டம் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. கடற்படை தனக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. கடற்படையினர் மட்டும் பயன்படுத்தினால், அந்த வலையமைப்பில் வருபவர் எல்லாரும் கடற்படையினர் என்பது வெளிப்படையாகிவிடும். பலதரப்பட்ட மக்கள் கலந்திருந்தால்தான் ஒவ்வொருவரும் மறைந்திருக்க முடியும். கூட்டத்தில் ஒருவராக இருப்பதே இங்கு பாதுகாப்பு. பிற்காலத்தில் தானியங்கி வழிகாட்டலில் எழுந்த சிக்கலைப் புரிந்துகொள்ள இந்தக் கொள்கை அடிப்படையானது.

ஆனியன் முகவரி என்றால் என்ன?

டோர் உலாவி வழியாக வழக்கமான தளத்துக்குச் செல்பவரின் இணைப்பு பொதுவாக மூன்று இடைக்கணினிகளைக் கடக்கிறது. மூன்றாவது கணினி 'வெளிவாசல்' எனப்படும். அங்கிருந்து இணைப்பு பொது இணையத்துக்குள் செல்கிறது. ஆகவே வெளிவாசலை நடத்துபவருக்கு, யார் வருகிறார் என்பது தெரியாவிட்டாலும், எந்தத் தளத்துக்குச் செல்கிறார் என்பது தெரியும்.

ஆனியன் தளத்தில் இந்த வெளிவாசல் இல்லை. வாசகர் பக்கத்திலிருந்து மூன்று கணினிகளும் தளத்தின் பக்கத்திலிருந்து மூன்று கணினிகளும் சேர்ந்து, டோர் வலையமைப்புக்குள்ளேயே ஒரு சந்திப்பிடத்தில் இணைகின்றன. தகவல் பொது இணையத்துக்கு வெளியேறுவதே இல்லை. எனவே வெளிவாசலில் நின்று ஒட்டுக்கேட்கவோ மாற்றவோ இடமில்லை.

இத்தளங்களின் முகவரி 'டாட் ஆனியன்' என்று முடியும். வழக்கமான முகவரிகளைப் போல் இவற்றை யாரிடமும் பணம் கொடுத்துப் பதிவு செய்வதில்லை. தளத்தின் பொதுச் சாவியிலிருந்தே கணக்கிட்டு முகவரி பெறப்படுகிறது. இதனால் முகவரியே தளத்தின் உண்மைத்தன்மைக்குச் சான்றாகிறது. உரிய ரகசியச் சாவி இல்லாத எவரும் அதே முகவரியில் போலித் தளம் நடத்த முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. முதல் தலைமுறை முகவரிகள் 16 எழுத்துகள் கொண்டவை. அவை போதிய பாதுகாப்புத் தரவில்லை என்பதால் 56 எழுத்துகள் கொண்ட புதிய வகை கொண்டுவரப்பட்டது. பழைய வகை 2021இல் கைவிடப்பட்டது. பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த 56 எழுத்து முகவரியை எந்த மனிதராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. ஓரிரு எழுத்து மாறிய போலி முகவரியைக் கண்ணால் பிரித்தறிவதும் கடினம். கணினி எளிதில் சரிபார்க்கும் முகவரி மனிதருக்குப் புரியாததாகிவிட்டது. வழிகாட்டி ஒருவர் தேவைப்பட்டது இதனால்தான்.

பெரிய தளங்களின் வருகை

ஆனியன் தளங்கள் தொடக்கத்தில் இருப்பிடத்தை மறைக்க விரும்பியவர்களின் கருவியாகவே இருந்தன. எல்லாருக்கும் தெரிந்த நிறுவனங்கள், தங்களை மறைப்பதற்காக அல்லாமல் தங்கள் வாசகரைக் காப்பதற்காக அவற்றை அமைக்கத் தொடங்கியது ஒரு திருப்பம்.

2014 அக்டோபர் 31 அன்று ஃபேஸ்புக் தன் ஆனியன் முகவரியை அறிவித்தது. 'ஃபேஸ்புக்' என்ற பெயரில் தொடங்கும் முகவரி கிடைக்கும்வரை ஏராளமான சாவிகளைக் கணினிகள் உருவாக்கிப் பார்த்தன. 2016 ஏப்ரலில், ஒரு மாதத்தில் டோர் வழியாகத் தன் தளத்துக்கு வருவோர் எண்ணிக்கை 10 லட்சத்தைக் கடந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. 2015இல் இணையத் தரநிலை அமைப்பு 'டாட் ஆனியன்' என்பதைச் சிறப்புப் பயன்பாட்டுப் பெயராக ஏற்றுக்கொண்டது. 2016 ஜனவரியில் புரோபப்ளிகா, 2017 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ், 2019 அக்டோபரில் பி.பி.சி. என்று செய்தி நிறுவனங்கள் தொடர்ந்தன. ஈரான், சீனா, வியட்நாம் போன்ற நாடுகளில் பி.பி.சி. தளத்தைத் தடுக்க முயற்சிகள் நடந்த பின்னணியில் அதன் ஆனியன் பதிப்பு வந்தது. 2022 மார்ச்சில், ரஷ்யா ட்விட்டரைத் தடுத்த சில நாள்களில், ட்விட்டரும் ஓர் ஆனியன் முகவரியை வெளியிட்டது.

வழிகாட்டும் முயற்சிகள்

முகவரிகள் பெருகியபோது அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது சிக்கலானது. நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ஒரு மூலையில் முகவரியை அச்சிட்டு வைத்தன. ஆர்வலர்கள் பட்டியல்கள் தொகுத்தனர். பட்டியலில் போலி முகவரி கலந்தால் வாசகர் ஏமாற்றுக்காரரின் தளத்துக்குப் போய்ச் சேருவார்.

2010இல் வெளிவந்த 'எச்.டி.டி.பி.எஸ். எவ்ரிவேர்' என்னும் உலாவி இணைப்பு, பாதுகாப்பற்ற முகவரியைப் பாதுகாப்பான முகவரியாகத் தானாக மாற்றியது. எந்தத் தளத்தை எப்படி மாற்ற வேண்டும் என்ற விதிப்பட்டியல் அதற்குள்ளேயே இருந்தது. அந்த வழியைப் பின்பற்றி, வழக்கமான முகவரிகளை ஆனியன் முகவரிகளாக மாற்றும் 'டார்க்வெப் எவ்ரிவேர்' என்ற இணைப்பையும் ஆர்வலர்கள் உருவாக்கினர். பட்டியலைப் பராமரிப்பவரை நம்ப வேண்டும், பட்டியல் பழையதாகிவிடக் கூடாது என்பவை இம்முறையின் குறைகள். 2018இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் வேறொரு வழியை எடுத்தது. தளத்தின் பெயர் முகவரிப் பட்டையில் மாறாமல் இருக்க, இணைப்பு மட்டும் உள்ளே ஆனியன் வழியாகச் செல்லும். வாசகர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் நடந்தது அவருக்குத் தெரிவதும் இல்லை.

2020: ஆனியன் லொகேஷன்

டோர் உலாவியின் 9.5ஆம் பதிப்பு பொறுப்பைத் தள உரிமையாளரிடமே ஒப்படைத்தது. ஒரு பக்கத்தை அனுப்பும்போது, தளத்தின் வழங்கிக் கணினி பக்கத்துக்கு முன்னால் சில முகப்புக் குறிப்புகளை உலாவிக்கு அனுப்பும். பக்கம் எந்த மொழியில் உள்ளது, எவ்வளவு பெரியது போன்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். அவற்றோடு 'ஆனியன் லொகேஷன்' என்று ஒரு வரி சேர்த்து, அதில் ஆனியன் முகவரியைக் குறிப்பிட்டால் போதும். வழங்கியில் மாற்றம் செய்ய இயலாதவர்கள் பக்கத்தின் நிரலுக்குள்ளேயே அந்த வரியை எழுதலாம்.

அந்த வரியைக் கண்டதும் டோர் உலாவி, முகவரிப் பட்டையில் ஆனியன் பதிப்பு உண்டு என்று ஊதா நிறத்தில் ஓர் அறிவிப்பைக் காட்டும். வாசகர் அதைத் தொட்டால் ஆனியன் பதிப்பு திறக்கும். இனி எப்போதும் ஆனியன் பதிப்புக்கே முன்னுரிமை வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை முதல் உலாவி கேட்காமலே திருப்பிவிடும்.

இதற்கு ஒரு முக்கிய நிபந்தனை இருந்தது. அறிவிப்பைத் தரும் பக்கம் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். இணைப்பில் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிவாசல் கணினியை நடத்தும் தீயவர் எவரும் நடுவில் ஒரு போலி முகவரியைச் செருகிவிடலாம். வழிகாட்டும் பலகையை யார் நட்டார் என்று உறுதி செய்துகொள்வதற்கு ஒப்பானது இந்த நிபந்தனை.

கசிவு: 2021ஆம் ஆண்டின் பாடம்

பிரேவ் உலாவியும் டோர் வசதியுள்ள தனிச் சாளரம் ஒன்றை வழங்கியது. ஆனியன் முகவரிக்குத் தானாகத் திருப்பும் அமைப்பும் அதில் சேர்க்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அந்தச் சாளரத்தில் ஒரு பிழை வெளியானது. வாசகர் திறக்கும் ஆனியன் முகவரி எது என்ற கேள்வி டோருக்கு வெளியே, வழக்கமான முகவரி தேடும் சேவைக்குச் சென்றுகொண்டிருந்தது. பெரும்பாலான வீடுகளில் அச்சேவையை நடத்துவது இணையச் சேவை நிறுவனமே. எனவே யாருக்குத் தெரியக் கூடாதோ அவருக்கே தகவல் போனது. விளம்பரங்களைத் தடுக்கும் பகுதியில் செய்த ஒரு மாற்றமே காரணம் என்று கண்டறியப்பட்டு, பிழை திருத்தப்பட்டது.

'டாட் ஆனியன்' பெயர்களைப் பொதுச் சேவையிடம் கேட்கவே கூடாது என்று 2015இன் தரநிலை சொல்லியிருந்தது. விதி இருந்தும் வேறொரு வசதிக்காகச் செய்த மாற்றம் அதை மீறிவிட்டது. தானாக நடக்கும் செயல் பிழையாக நடந்தால், பயன்படுத்துபவருக்கு அது தெரிய வழியில்லை.

வழிகாட்டியே தடயமானது

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றைப் பால் சைவர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சுட்டினர். இதில் பிழை எதுவும் இல்லை. அமைப்பு சரியாக வேலை செய்யும்போதே சிக்கல் எழுகிறது.

டோர் வழியாகச் செல்லும் தகவலின் உள்ளடக்கம் வெளியில் தெரியாது. ஆனால் எவ்வளவு தகவல், எந்த இடைவெளியில், எந்தத் திசையில் செல்கிறது என்பதைக் கவனிக்க முடியும். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்காவிட்டாலும், எப்போது கதவு திறந்தது, எப்போது மூடியது என்று வெளியே நிற்பவர் குறித்துக்கொள்வதைப் போன்றது இது. தானாகத் திருப்பும் வசதியை வைத்திருப்பவர் ஒரு தளத்தைத் திறந்தால், முதலில் வழக்கமான இணைப்பு உண்டாகும். உடனே அது விடப்பட்டு, ஆனியன் இணைப்பு ஒன்று உண்டாகும். இந்த வரிசை தனித்த அடையாளம் கொண்டது. உலகிலுள்ள கோடிக்கணக்கான தளங்களில் ஆனியன் லொகேஷன் வரியை அனுப்புபவை மிகச் சிலவே. எனவே அந்த வரிசையைக் கண்டவர், வாசகர் சென்ற தளம் அந்தச் சிறு பட்டியலுக்குள் ஒன்று என்று முடிவு செய்துவிடலாம். பிறகு எஞ்சிய தளங்களில் சரியானதைக் கண்டுபிடிப்பது எளிது.

கூட்டத்தில் ஒருவராக இருப்பதே பாதுகாப்பு என்பது டோரின் அடிப்படைக் கொள்கை. தானியங்கி வழிகாட்டல் வாசகரைப் பெரிய கூட்டத்திலிருந்து பிரித்துச் சிறிய கூட்டத்தில் நிறுத்தியது.

மற்றொரு குறையும் சுட்டப்பட்டது. ஆனியன் லொகேஷன் வரியில் எந்த முகவரி வருகிறது என்பதை அந்த நேரத்தில் அந்தத் தளம் மட்டுமே முடிவு செய்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் வெவ்வேறு முகவரி கொடுத்து ஒருவரைத் தனியே பின்தொடர நினைத்தால், அதை மற்றவர் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு மாற்றாக, 2022இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலேயே ஆனியன் முகவரியையும் சேர்த்துப் பொதுப் பதிவேட்டில் இடலாம் என்று முன்மொழிந்தது. பதிவேட்டை எவரும் பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே முகவரிதான் தரப்படுகிறதா என்று எவரும் சோதிக்கலாம்.

2024இல் டோர் உலாவி, ஆனியன் பதிப்புக்குத் தானாகத் திருப்பும் வசதியை நிறுத்தி வைத்தது. ஊதா அறிவிப்பு மட்டும் நிலைத்தது. வழி இருக்கிறது என்று உலாவி சொல்லும். போவதா வேண்டாமா என்பதை வாசகர் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்ச் சூழல்

இந்தக் கேள்விகள் தமிழ் வாசகர்களுக்குத் தொலைவானவை அல்ல. 1997இல் தொடங்கப்பட்ட தமிழ்நெட் செய்தித் தளம், 2007 ஜூன் மாதம் இலங்கையின் இணையச் சேவை நிறுவனங்களால் அரசின் அறிவுறுத்தலின்படி தடுக்கப்பட்டது. போர் நடந்த ஆண்டுகளில் அந்நாட்டு வாசகர்கள் அத்தளத்தை நேரடியாகத் திறக்க முடியவில்லை.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இணையப் பக்கங்களைத் தடுக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2009ஆம் ஆண்டின் விதிகள், தடை தொடர்பான புகார்களையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியது, ஆனால் 69ஏ பிரிவு செல்லும் என்றது.

2025 பிப்ரவரியில் இப்பிரிவு தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. பிரதமரையும் அமெரிக்க அதிபரையும் குறித்த ஒரு கேலிச்சித்திரம் விகடன் பிளஸ் மின்னிதழில் வெளியானது. பிப்ரவரி 15 முதல் விகடன் தளத்தைத் திறக்க முடியவில்லை என்று வாசகர்கள் தெரிவித்தனர். ஒரு சித்திரத்துக்காக முழுத் தளமும் வாசகர்களுக்கு மறைந்துபோனது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சர்ச்சைக்குரிய சித்திரத்தைத் தளத்திலிருந்து நீக்கச் சொல்லி, நீக்கியபின் தளத்தின் தடையை விலக்குமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இத்தகைய தடை இணையச் சேவை நிறுவனங்களுக்கு இடப்படும் ஆணை. 'இந்தியா' இதழுக்கு அஞ்சல் வழி அடைக்கப்பட்டது போலவே, இங்கும் அடைக்கப்பட்டது வழிதான். டோர் வலையமைப்புக்குள் மட்டும் செல்லும் இணைப்பில், தடை செய்ய வேண்டிய தளத்தின் பெயர் சேவை நிறுவனத்தின் கண்ணில் படுவதில்லை. ஆனியன் பதிப்பின் பயன் இந்த இடத்தில் விளங்கும்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழு ஓர் ஆணை வெளியிட்டது. வி.பி.என். சேவை தருவோர் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. வி.பி.என். சேவையில் ஒரே நிறுவனத்தின் கையில் வாடிக்கையாளர் பட்டியல் இருப்பதால் இப்படிக் கேட்க முடிகிறது. டோரில் சந்தாதாரர் பட்டியல் என்று ஒன்று இல்லை.

எல்லைகளும் தவறான பயன்பாடும்

ஆனியன் முகவரி எல்லாத் தடைக்கும் தீர்வாகாது. 2018 மே 22 அன்று நடந்த தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையே நிறுத்தப்பட்டது. இணைப்பே இல்லாத இடத்தில் எந்த மறைமுக முகவரியும் திறக்காது. டோர் வலையமைப்பையே ஓர் அரசு தடுக்கவும் முடியும். டோர் திட்டத்தின் வலைத்தளத்தை ரஷ்யா 2021 டிசம்பரில் தடுத்தது. டோரில் இணைபவர் என்ன படிக்கிறார் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் அவர் டோரைப் பயன்படுத்துகிறார் என்பது சாதாரண நிலையில் தெரியும். உள்ளே சென்றபின் தன் சொந்தப் பெயரில் ஒரு கணக்கில் நுழைந்தால், அந்தத் தளத்திடம் அவர் அடையாளம் மறைவதில்லை.

இதே மறைவைக் குற்றம் செய்பவர்களும் பயன்படுத்துகின்றனர். போதைப்பொருள் விற்பனைக்குப் பெயர்பெற்ற 'சில்க் ரோட்' என்னும் ஆனியன் தளத்தை அமெரிக்கக் காவல்துறை 2013இல் முடக்கியது. அதே 2013இல், செய்தி நிறுவனங்களுக்கு உண்மைகளைத் தெரிவிக்க விரும்புவோர் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் ஆவணங்களை அனுப்ப உதவும் 'செக்யூர்டிராப்' என்னும் அமைப்பும் ஆனியன் முகவரிகளைக் கொண்டே உருவானது. கருவி ஒன்றுதான். அதைக் கொண்டு செய்யும் செயலையே சட்டம் பார்க்கிறது.

வரலாறு சொல்வது

1908இல் இதழின் இடம் மாறியது, ஆனால் வழி காக்கப்படவில்லை. டோர் வழியைக் காத்தது, ஆனால் வாசலின் பெயர் மனித நினைவுக்கு எட்டாததாகியது. 2020இல் வாசலைக் காட்டும் ஏற்பாடு வந்தது, அந்த ஏற்பாடே வாசகரைப் பிரித்துக் காட்டுவது பின்னர் தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறையைத் தீர்த்தபோது அதற்கு அடுத்த குறை கண்ணில் பட்டது.

2024ஆம் ஆண்டு முடிவு ஆனியன் தளங்களைக் கைவிடவில்லை, வழிகாட்டும் பலகையையும் அகற்றவில்லை. வாசகர் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதை மட்டுமே நிறுத்தியது. சித்தன்னவாசல் குன்றின் மறுபக்கத்துக் குகைக்கு வழி உண்டு என்று பலகை சொன்னால் போதும். வெயிலையும் வழுக்குப் பாறையையும் பார்த்து எப்போது ஏறுவது என்பதைப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.